பழைய சாவியோட புது வீட்டுக்குப் போகாதீங்க!

இன்டர்னல் மார்க் போட்டுட்டாங்களா? சரி சரி, முறைக்காதீங்க. அந்தப் பேச்சே இந்த வாரம் வேணாம்.

ஒரு விஷயம் கேட்கறேன். இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளை சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா என்ன நடக்கும்? டீ வர்றதுக்கு முன்னாடி செட்டாப் பாக்ஸ் ரிமோட் கைக்கு வரும். அடுத்து, அத்தையோட போன்ல ஸ்டோரேஜ் ஃபுல். அதுக்கும் அடுத்து, பக்கத்து வீட்டு பிரின்டர். 'நான் இ.சி.இ. படிக்கிறேங்க, பிரின்டர் ரிப்பேர் படிக்கலைங்க'னு சொன்னா, 'ரெண்டும் கரன்ட்லதானே ஓடுது'னு பதில் வரும். என்னத்தைச் சொல்ல!

நான் அரியலூர்ல இருந்து தினமும் பெரம்பலூருக்கு காலேஜ் பஸ்ல போய் வர்ற ஆள். சிமென்ட் லாரிக்குப் பின்னாடி தூசியைத் தின்னுக்கிட்டே பாதி சிலபஸை முடிச்ச பரம்பரை. போன மாசம் ஒரு சனிக்கிழமை காலேஜ் விட்டதும் வீட்டுக்குப் போகாம, செட்டிக்குளம் பக்கம் இருக்கற பெரியப்பா வீட்டுக்கு பஸ் ஏறினேன். சிங்கப்பூர்ல வேலை பார்க்கற அண்ணன், பெரியப்பா பையன், லீவுக்கு வந்திருந்தார்.

பெட்டியைத் திறந்தார். சிங்கப்பூர் பெட்டினா தெரியும்ல? கோடாலித் தைலம், சாக்லேட், சென்ட் பாட்டில். அதுக்கெல்லாம் நடுவுல இருந்து பென் டிரைவ் சைஸ்ல ஒரு சாமானை எடுத்து என் கையில வெச்சார். சீல் பிரிக்காத டப்பா.

"பாப்பா, நீ கம்ப்யூட்டர்தான படிக்கிற? என் போன்ல கொஞ்சம் கிரிப்டோ இருக்கு. அதை இதுல போட்டுக் கொடு."

இ.சி.இ.னு திருத்தறதுக்குள்ள போனையும் நீட்டிட்டார். நாலு வருஷம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்ததுல ஒரு பங்கு, ஈதராவும் யுஎஸ்டிடியாவும் ஒரு போன் ஆப்ல கிடக்கு. எவ்வளவுனு எழுதக் கூடாதுனு சத்தியம் வாங்கியிருக்கார். மாடியில ஒரு தளம் போடறதுக்குனு வெச்சிருக்கற காசுனு மட்டும் சொல்றேன், நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். கிரிப்டோ வாங்குங்கனு நான் சொல்ல வரலை. பாக்கெட் மணியில பஸ் பாஸ் போக மிச்சம் இருக்கறதை வெச்சு அதுல இறங்கவே இறங்காதீங்க. ஆனா நம்ம கிளாஸ்லயே எத்தனை பேர் போன்ல அந்த ஆப் இருக்குனு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வெச்சிருக்கறவங்க அதை ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குத் தூக்கும்போது தொலைச்சிடக் கூடாது. அதுக்குத்தான் இந்த வாரம்.

அண்ணன் சொன்ன அந்த 'இதுல போட்டுக் கொடு' இருக்கே... வில்லங்கமே அங்கதான் ஆரம்பம். ஏன்னா 'இதுல' எதையும் போட முடியாது!

பெரியப்பாவோட ரெண்டு ஏக்கர் நிலம் பீரோவுக்குள்ளயா இருக்கு? நிலம் ஊர்க்கோடியில இருக்கு. அது யார் பேர்லங்கறது தாலுகா ஆபீஸ் கணக்குல இருக்கு. கிரிப்டோவும் அப்படித்தான். எந்தக் காயின் எந்த முகவரிக்குச் சொந்தம்ங்கற கணக்கு, உலகம் பூரா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல ஒரே மாதிரி நகல் எடுத்து வெச்சிருக்கற ஒரு பேரேட்டுல இருக்கு. அதுதான் பிளாக்செயின். உங்க போன்ல இருக்கறது, அந்தக் கணக்கை மாத்தச் சொல்லி கையெழுத்துப் போடற ரகசியச் சாவி மட்டும்தான். சாவி போன் ஆப்ல இருந்தா அது சாஃப்ட்வேர் வாலட். தனியா ஒரு சின்னக் கருவிக்குள்ள இருந்து, வெளியே வராமலே உள்ளுக்குள்ளயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா அது ஹார்டுவேர் வாலட்.

அந்தச் சாவியை மனுஷன் எழுதி வெச்சுக்கற வடிவம்தான் 12 அல்லது 24 ஆங்கில வார்த்தைகள். மொத்தம் 2048 வார்த்தை இருக்கற ஒரு பட்டியல்ல இருந்து வரும். 'பிப்-39'னு 2013-ல வந்த முறை. ஜப்பான், கொரியா, சீனம், ஸ்பானிஷ், செக் மொழியில எல்லாம் பட்டியல் இருக்கு. தமிழ்ல இல்லை. அந்தக் கோபத்தை இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.

நிலத்துக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். பத்திரம் தொலைஞ்சா ரெஜிஸ்டர் ஆபீஸ்ல நகல் கேட்கலாம். இங்க ஆபீஸே கிடையாது. வார்த்தை தொலைஞ்சா தொலைஞ்சதுதான். வேற யாராவது பார்த்துட்டா, அவங்களும் ஓனர்தான்!

"சரி அண்ணா, உங்க 12 வார்த்தையை எங்க வெச்சிருக்கீங்க?"னு கேட்டேன்.

"பத்திரமா இருக்கு பாப்பா. போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். வாட்ஸ்அப்லயும் எனக்கு நானே அனுப்பி வெச்சிருக்கேன்."

எனக்கு அந்த நிமிஷம் வைவால எக்ஸ்டர்னல் முன்னாடி உட்கார்ந்த மாதிரி ஆயிடுச்சு.

ஏன்னு கேளுங்க. 2025 பிப்ரவரியில காஸ்பர்ஸ்கி ஆட்கள் 'ஸ்பார்க்கேட்'னு ஒரு வில்லன் புரோகிராமைக் கண்டுபிடிச்சாங்க. சாதாரண ஆப் மாதிரி கூகுள் பிளேல மட்டுமில்ல, ஆப்பிள் ஆப் ஸ்டோர்லயும் உட்கார்ந்திருந்தது. வேலை என்னன்னா, போட்டோ பார்க்க அனுமதி வாங்கிட்டு, கேலரியில இருக்கற படங்கள்ல உள்ள எழுத்தைப் படிச்சு, வாலட் வார்த்தை மாதிரி இருந்தா தூக்கிடறது. போட்டோவே எடுக்காதவங்களும் தப்பிக்கலை. 2022 ஆகஸ்ட்ல சொலானா நெட்வொர்க்ல ஆயிரக்கணக்கான வாலட் காலியாச்சு. தோண்டிப் பார்த்தா, 'ஸ்லோப்'ங்கற போன் வாலட், ஆளுங்களோட ரகசிய வார்த்தையை கோளாறு பார்க்கற சர்வருக்கு அப்படியே அனுப்பிக்கிட்டு இருந்திருக்கு. காசைப் பறிகொடுத்தவங்க செஞ்ச தப்பு, அந்த ஆப்பை நம்பினது மட்டும்தான்.

'அப்போ எக்ஸ்சேஞ்ச்லயே விட்டுட வேண்டியதுதானே?'னு கேட்பீங்க. அதுக்கு நம்ம சென்னை ஹைகோர்ட் கேஸ் ஒண்ணு இருக்கு.

ஒரு முதலீட்டாளர் 2024 ஜனவரியில வஸீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்ச்ல 1,98,516 ரூபாய்க்கு 3,532.30 எக்ஸ்ஆர்பி காயின் வாங்கினாங்க. 2024 ஜூலை 18-ம் தேதி அந்த எக்ஸ்சேஞ்சோட ஒரு வாலட்ல இருந்து ஏறக்குறைய 23 கோடி டாலர் திருடு போச்சு. போனது ஈத்தீரியம் வகை டோக்கன். இவங்க வெச்சிருந்தது எக்ஸ்ஆர்பி, சம்பந்தமே இல்லை. ஆனா கணக்கு முடங்கிடுச்சு. நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளரும் பங்கு போட்டுக்கணும்னு சிங்கப்பூர் கோர்ட் வழியா ஒரு திட்டமும் வந்தது. இவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2025 அக்டோபர் 25-ம் தேதி நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவுல, கிரிப்டோ காசு கிடையாது, ஆனா அது ஒரு சொத்து, ஒருத்தர் கைவசம் வெச்சு அனுபவிக்க முடியும், இன்னொருத்தருக்காக நம்பிக்கையின் பேர்ல வெச்சிருக்கவும் முடியும்னு சொன்னார். 9.56 லட்ச ரூபாய்க்கு பேங்க் கேரன்ட்டி கொடுக்கவும் உத்தரவு.

சொத்துனு கோர்ட் சொல்லியாச்சு, சூப்பர். ஆனா அதைக் கேட்டு வாங்க ஒரு வருஷத்துக்கும் மேல ஆச்சு பாருங்க. சாவி அடுத்தவங்க கையில இருந்தா நிலைமை இதுதான்.

இப்போ அண்ணன் விஷயத்துக்கு வர்றேன். ஹார்டுவேர் வாலட்டுக்கு மாத்தறதுல ரெண்டு வழி இருக்கு. நூத்துக்கு பாதிப் பேர் தப்பான வழியிலதான் போவாங்கனு நினைக்கிறேன். ஏன்னா அதுதான் ஈஸி! அண்ணனும் அதைத்தான் கேட்டார்.

"இந்த மெஷின் ஆன் பண்ணினதும், 'ஏற்கெனவே வார்த்தை இருக்கா?'னு கேட்குதே. அந்த 12 வார்த்தையை இதுல அடிச்சுட்டா வேலை முடிஞ்சுது. ஃபீஸும் மிச்சம்."

வேலை முடியாது பாஸ். அந்த 12 வார்த்தை போன்ல பிறந்தது. கேலரியில இருந்தது. வாட்ஸ்அப்ல இருந்தது. போட்டோ பேக்கப் ஆன்ல இருந்தா மேகத்துலயும் இருக்கு. எத்தனை பேர் பார்த்தாங்கனு யாராலயும் சொல்ல முடியாது. அதே வார்த்தையை இரும்புப் பெட்டிக்குள்ள அடிச்சா, பெட்டிதான் புதுசு, சாவி பழசு. வாடகைக்கு விட்டு ஊர்ல பத்துப் பேர்கிட்ட டூப்ளிகேட் இருக்கற பூட்டைக் கழட்டி, புது வீட்டு வாசல்ல மாட்டின கதை. அதுமட்டுமில்ல, ஈத்தீரியம் ஆளுங்க பழைய முகவரியில ஏதோ ஒரு சைட்டுக்கு 'என் டோக்கனை நீ எடுத்துக்கலாம்'னு என்னைக்கோ அனுமதி கொடுத்து வெச்சிருப்பீங்க. அந்த அனுமதியும் கூடவே வந்து உட்கார்ந்துடும்.

சரியான வழி: கருவியே புதுசா வார்த்தை உருவாக்கணும். புது முகவரி வரணும். பழைய முகவரியில இருந்து புதுசுக்கு காசை மட்டும் அனுப்பணும். வார்த்தை அங்கேயே கிடக்கட்டும். ஃபீஸ் போனா போகுது.

ராத்திரி சாப்பாடு முடிஞ்சு, பெரியப்பா படுத்த பிறகு கூடத்துல உட்கார்ந்தோம்.

டப்பாவைப் பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி கேட்டேன். "எங்க வாங்கினீங்க?" நல்லவேளை, கம்பெனி சைட்ல நேரடியா வாங்கியிருந்தார். செகண்ட் ஹேண்ட், 'ஃப்ரெண்ட் கொடுத்தான்', ஆஃபர்ல பாதி விலை இதெல்லாம் கூடவே கூடாது. டப்பாக்குள்ள ஏற்கெனவே 24 வார்த்தை அச்சடிச்ச கார்டு இருந்தா, சுரண்டிப் பார்க்கற மாதிரி கூப்பன் இருந்தா, அந்தக் கருவியைத் தொடாதீங்க. 2018-ல ஈபேல வாங்கின ஒருத்தர் அந்தக் கார்டுல இருந்த வார்த்தையை நம்பிக் காசைப் போட்டார். கார்டை அச்சடிச்சவன் எடுத்துட்டுப் போயிட்டான். உண்மையான கருவி வெறுமையாத்தான் வரும். வார்த்தையைத் தன் திரையில உங்களுக்கு முதல் தடவையா காட்டும்.

அதுக்கான கம்ப்யூட்டர் ஆப்பையும் கூகுள்ல தேடி முதல்ல வர்ற லிங்க்ல இறக்காதீங்க. 2023 நவம்பர்ல மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்லயே 'லெட்ஜர் லைவ்' பேர்ல ஒரு போலி ஆப் இருந்து, ஏறக்குறைய 6 லட்சம் டாலர் போச்சு. டப்பாவுல இருக்கற முகவரியை கையால டைப் பண்ணிப் போங்க. அரை நிமிஷம்தான்.

பின் நம்பர் வைக்கச் சொல்லுச்சு. அண்ணன் பைக் நம்பரை வெச்சார். நான் பார்த்த பார்வையில மாத்திட்டார்.

அடுத்து வார்த்தைகள். குட்டித் திரையில ஒண்ணொண்ணா வந்தது, 24. அண்ணன் போனைத் தூக்கினார், பழக்க தோஷம்! போனை வாங்கி சமையல்கட்டுல பெரியம்மா சொம்புக்குப் பக்கத்துல வெச்சுட்டு வந்தேன். பேனா, பேப்பர் மட்டும். கேமரா இல்லை, லேப்டாப் நோட்பேட் இல்லை, 'எனக்கு நானே மெயில்' இல்லை. அண்ணன் பத்தாவதுக்கு அப்புறம் இப்பதான் இவ்வளவு இங்கிலீஷ் கையால எழுதறாராம். ஸ்பெல்லிங் பயம் இருக்கறவங்களுக்கு ஒரு நல்ல சேதி: அந்தப் பட்டியல்ல எந்த ரெண்டு வார்த்தைக்கும் முதல் நாலு எழுத்து ஒண்ணா இருக்காது. நாலு எழுத்து தெளிவா இருந்தா, வால் கொஞ்சம் கோணினாலும் கண்டுபிடிச்சுடலாம். ஆனா வரிசை மாறக் கூடாது. ஒண்ணு, ரெண்டுனு நம்பர் போட்டு எழுதுங்க.

அதுக்கப்புறம் நான் சொன்னதைக் கேட்டுத்தான் அண்ணன் பயந்தே போயிட்டார். "இப்போ இந்த மெஷினை அழிப்போம்."

"ஏய், இப்பதான பாப்பா எழுதினோம்!"

அதனாலதான். முதல்ல கருவி காட்டற புது முகவரியை ஒரு துண்டுப் பேப்பர்ல குறிச்சுக்கிட்டோம். வேணும்னே மூணு தடவை தப்பா பின் போட்டோம். கருவி தன்னைத் தானே அழிச்சுக்கிட்டு, கடையில வாங்கின நிலைமைக்கு வந்துடுச்சு. இப்போ எழுதி வெச்ச பேப்பரைப் பார்த்து 24 வார்த்தையையும் கருவியிலயே பட்டன் தட்டித் தட்டி ஏத்தினோம். ஏறலை! ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. 'வார்த்தை தப்பு'னு திருப்பித் திருப்பிச் சொல்லுது. கூடத்துல ஃபேன் சத்தம் மட்டும் கேட்குது. 17-வது வார்த்தையும் 18-வது வார்த்தையும் இடம் மாறி எழுதியிருந்தார். மாத்தி அடிச்சதும் திறந்தது. துண்டுப் பேப்பர்ல குறிச்ச அதே முகவரி வந்து நின்னுச்சு.

யோசிச்சுப் பாருங்க. இந்தச் சோதனை செய்யாம காசை அனுப்பியிருந்தா? ரெண்டு வருஷம் கழிச்சு கருவி கெட்டுப் போகும். பேப்பரை எடுப்பார். திறக்காது. எந்த வார்த்தை தப்புனு தெரியாம எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பார்? கருவியில ஒத்தைக் காசு இல்லாதப்போ இந்த ஒத்திகையைப் பார்த்துடணும். பேப்பரைத் திருத்தி, தெளிவா ஒரு நகல் எழுதி, மறுபடியும் ஒரு தடவை சரிபார்த்தோம். மணி பதினொண்ணரை.

இனிதான் அனுப்பறது. இதுல நான் ஒண்ணு மறந்திருப்பேன், அண்ணன்தான் காப்பாத்தினார். நான் ஈதரை முதல்ல அனுப்பலாம்னேன். "ஃபீஸ் எதுல பிடிப்பான்?"னு கேட்டார். கரெக்ட்! ஈத்தீரியம் நெட்வொர்க்ல யுஎஸ்டிடி அனுப்பினாலும் ஃபீஸ் ஈதர்லதான். ஈதரை முழுசா அனுப்பிட்டா யுஎஸ்டிடி பழைய வாலட்லயே பஸ் காசு இல்லாம நின்னுடும். அதனால டோக்கன் முன்னாடி, ஈதர் கடைசி. யுஎஸ்டிடி டிரான் நெட்வொர்க்லயும் ஓடும், அங்க ஃபீஸ் டிஆர்எக்ஸ்ல. ரெண்டுலயும் பேர் ஒண்ணுதான், ஆனா ரூட் வேற. நம்ம பெரம்பலூருக்கு ரயில் டிக்கெட் கேட்ட மாதிரி ஆயிடக் கூடாது, ஸ்டேஷனே கிடையாது! எந்த நெட்வொர்க்ல வெச்சிருக்கீங்களோ, அதே நெட்வொர்க் முகவரியைத்தான் கருவியில திறக்கணும்.

முகவரியை காப்பி பேஸ்ட் பண்ணினோம். இங்க ஒரு திருட்டு இருக்கு. கம்ப்யூட்டர்ல நுழைஞ்ச வைரஸ் நீங்க காப்பி பண்ணின முகவரியை, பேஸ்ட் பண்ற நேரத்துல தன் முகவரியா மாத்திடும். இன்னொரு வகைத் திருடன், நீங்க அடிக்கடி அனுப்பற முகவரி மாதிரியே முன்னும் பின்னும் ஒத்துப் போற ஒண்ணைத் தயார் பண்ணி, உங்க வாலட் ஹிஸ்டரியில வந்து விழற மாதிரி சும்மா ஒரு பரிமாற்றம் பண்ணுவான். நீங்க அவசரத்துல ஹிஸ்டரியில இருந்து காப்பி பண்ணுவீங்கங்கற நம்பிக்கை! 2024 மே மாசம் ஒருத்தர் இப்படி 1,155 பிட்காயினுக்குச் சமமான டோக்கனை, 6.8 கோடி டாலர், ஒரே கிளிக்ல திருடனுக்கு அனுப்பிட்டார். பேசிப் பேசி பெரும்பகுதியை அவன் திருப்பிக் கொடுத்துட்டான்ங்கறது வேற கதை. எல்லாத் திருடனும் அப்படிக் கிடையாது.

அதனால முதல் நாலு, கடைசி நாலு எழுத்து பார்த்தா பத்தாது. ஈத்தீரியம் முகவரி மொத்தம் 42 எழுத்து. கம்ப்யூட்டர் திரையை நம்பாம, கருவியோட சொந்தத் திரையில முகவரியை வரவெச்சு, அண்ணன் வாசிக்க, நான் போன்ல சரிபார்த்தேன். எங்க காலேஜ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கறதை விட வேகமாத்தான் முடிஞ்சுது.

முதல்ல சாம்பிள். பத்து டாலர் யுஎஸ்டிடி. அனுப்பியாச்சு. அண்ணன் கருவி ஆப்பைப் பார்க்கறார், ஜீரோ. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். ஜீரோ. முகம் மாறிடுச்சு. "போச்சா?"

போகலை. ஈதர்ஸ்கேன்ல புது முகவரியைப் போட்டுத் தேடினோம். பத்து டாலர் சமர்த்தா உட்கார்ந்திருக்கு. ஆப்தான் காட்டலை. சில ஆப்ல கணக்கைச் சேர்த்தாதான் தெரியும், சிலதுல டோக்கனை மறைச்சு வெச்சிருக்கும். அதான் சொன்னேனே, காசு ஆப்லயும் இல்லை, கருவியிலயும் இல்லை, பேரேட்டுலதான் இருக்கு. அதை நேரா பார்த்துட்டா பதட்டமே இல்லை. எக்ஸ்ஆர்பி வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: புது முகவரி உயிர் பெறவே குறைஞ்சது ஒரு எக்ஸ்ஆர்பி இருப்பு வேணும், அதனால சாம்பிளை அதுக்கு மேல அனுப்புங்க.

பதட்டப்படற அந்த ரெண்டு நிமிஷத்துலதான் ஏமாத்தறவன் உள்ளே வருவான். எங்க காலேஜ் சீனியர் ஒருத்தர், பேரைக் கேட்காதீங்க, இதே மாதிரி 'காசு காட்டலையே'னு நெட்ல தேடி, 'கஸ்டமர் சப்போர்ட்'னு இருந்த ஒருத்தன்கிட்ட சாட் பண்ணினார். 'வாலட்டை சரிபார்க்கணும், 12 வார்த்தையை இந்தப் பெட்டியில டைப் பண்ணுங்க'ன்னான். டைப் பண்ணினார். செமஸ்டர் ஃபீஸுக்கு பார்ட் டைம் போய்ச் சேர்த்த 18,000 ரூபாய். டைப் பண்ணி முடிச்சப்போ காட்டாம இருந்த காசு, முடிச்ச பிறகு நிஜமாவே இல்லை. அவங்க வீட்டுல இன்னும் சொல்லலை. எந்தக் கம்பெனி ஆளுக்கும் உங்க வார்த்தை தேவைப்படாது. கேட்டாலே திருடன், தமிழ்ல கேட்டாலும் சரி, இங்கிலீஷ்ல கேட்டாலும் சரி, லெட்டர்ல கேட்டாலும் சரி. லெட்டரானு சிரிக்காதீங்க. 2020-ல லெட்ஜர் கம்பெனியோட வாடிக்கையாளர் பட்டியல் கசிஞ்சு, 2 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல ஆளுங்களோட பேரும் வீட்டு முகவரியும் போன் நம்பரும் வெளியே வந்துடுச்சு. 2021-ல அவங்கள்ல சிலர் வீட்டுக்கு டப்பா பிரிக்காத போலி கருவியே தபால்ல வந்தது, 'பழசு சேஃப் இல்லை, இதுக்கு மாறுங்க'னு கடுதாசியோட!

சாம்பிள் வந்ததும் மீதி யுஎஸ்டிடி, அப்புறம் ஈதர். ரெண்டும் சேர்ந்து அஞ்சு நிமிஷம் கூட ஆகலை. இதுக்குத்தான் மூணு மணி நேரம் அமர்க்களம். வரி விஷயம் கேட்கறவங்களுக்கு: 2022 ஏப்ரல் 1-ல இருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவிகிதம் வரி, அதே வருஷம் ஜூலை 1-ல இருந்து விற்கும்போது 1 சதவிகிதம் டிடிஎஸ். உங்க வாலட்ல இருந்து உங்க வாலட்டுக்கே மாத்தறது விற்பனை இல்லை. ஆனா அதை நீங்கதான் காட்டணும். தேதி, ரெண்டு முகவரி, பரிமாற்ற எண் மூணையும் எழுதி வெச்சுக்கங்க.

"இனி யாராலயும் தொட முடியாதுல்ல?"னு அண்ணன் கேட்டார். ஆமானு சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனா வஸீர்எக்ஸ்ல என்ன நடந்தது? அந்தக் கம்பெனி சொன்னபடியே, அவங்க ஆளுங்க கையெழுத்துப் போட்டதும் ஹார்டுவேர் வாலட்லதான். திரையில காட்டின பரிமாற்றம் ஒண்ணு, நிஜமா கையெழுத்தானது வேற ஒண்ணுங்கறாங்க. பூட்டு நல்ல பூட்டுதான். படிக்காம கையெழுத்துப் போட்டா பூட்டு என்ன செய்யும்? 'இந்த சைட்டோட இணைச்சா ஃப்ரீ காயின்'னு வர்றதுக்கெல்லாம் இந்தக் கருவியை நீட்டாதீங்கனு சொன்னேன். நம்ம சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வாரத்துல திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். அம்மனுக்கே ரெண்டு நாள்தான்! இதை மாசத்துக்கு ஒரு தடவை கூட திறக்க வேண்டாம். தினப்படி செலவுக்குக் கொஞ்சம் போன் வாலட்ல, அதுவும் புதுசா வார்த்தை எடுத்த வாலட்ல, வெச்சுக்கிட்டாப் போதும்.

மிச்சம் இருந்தது ஒரே பிரச்னை. அந்த 24 வார்த்தை பேப்பர் எங்க இருக்கணும்?

காலையில பெரியப்பா வெங்காயப் பட்டறையைப் பார்க்கக் கூட்டிட்டுப் போனார். வயலோரம், காத்தோட்டமா, மேல மறைப்புப் போட்டு விதை வெங்காயம். 2019 டிசம்பர்ல வெங்காய விலை எகிறினப்போ, பெரம்பலூர் மாவட்டத்துல ஒரு விவசாயி நடறதுக்கு வெச்சிருந்த விதை வெங்காயத்தை ராத்திரியோட ராத்திரியா மூட்டை மூட்டையாத் தூக்கிட்டுப் போன செய்தி பேப்பர்ல வந்தது ஞாபகம் இருக்கா? அதுல இருந்து பெரியப்பா எல்லா விதையையும் ஒரே பட்டறையில வைக்கறது இல்லை. ஒரு பங்கு வயல்ல, ஒரு பங்கு வீட்டுத் திண்ணையில. அவருக்கு பிளாக்செயின் தெரியாது. பேக்கப் தெரியுது!

பேப்பர் மட்டும் பத்தாதுனும் தோணுச்சு. கரையான் இருக்கு, ஒழுகற ஓடு இருக்கு. நம்ம கங்கைகொண்டசோழபுரம் கட்டின ராஜேந்திர சோழன் முக்கியமான கணக்கை ஓலையோட விட்டாரா? செப்பேட்டுல வெட்டினார். திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடு, கிட்டத்தட்ட 900 வருஷம் கழிச்சு 1905-ல கண்டெடுத்தப்பவும் படிக்க முடிஞ்சுது. கிரிப்டோ ஆளுங்களும் இப்போ அதைத்தான் செய்யறாங்க, எவர்சில்வர் தகட்டுல வார்த்தையைக் குத்தி வெச்சுக்கறாங்க. அண்ணன் பாத்திரத்துல பேர் வெட்டற கடைக்குப் போறேன்னார். அடக் கடவுளே, வெட்டறவர் படிப்பாரே! எழுத்து அச்சும் சுத்தியலும் வாங்கி, வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு, முதல் நாலு எழுத்தா அவரே அடிச்சார். பெரியம்மா, 'என்னடா கொல்லன் பட்டறை?'னு கதவைத் தட்டிக்கிட்டே இருந்தாங்க.

ரெண்டு தகடு. ஒண்ணு பெரம்பலூர் பக்கம் அவங்க வீட்டுல. இன்னொண்ணு அரியலூர்ல. கருவி மட்டும் சிங்கப்பூர் போயிடுச்சு, தகடு கூடப் போகலை.

கிளம்பற அன்னைக்கு பஸ் ஸ்டாண்ட்ல வெச்சு மெதுவா கேட்டேன். "அண்ணா, கேட்கக் கூடாதுதான். உங்களுக்கு ஏதாவது ஆச்சுனா, இந்தக் காசு இருக்கறதே பெரியப்பாவுக்குத் தெரியுமா?"

கொஞ்ச நேரம் பேசலை. உயரத்துல வேலை பார்க்கறவர். அப்புறம் போனை எடுத்து பெரியப்பாவைக் கூப்பிட்டார். "அப்பா, நான் போனப்புறம் ஒரு விஷயம் பாப்பா வந்து சொல்லும். பொறுமையா கேளுங்க."

அடுத்த ஞாயித்துக்கிழமை போய்ச் சொன்னேன். வார்த்தையைச் சொல்லலை. காசு இருக்குங்கறதையும், தகடு எங்க இருக்குங்கறதையும், யாருக்கும் போன்ல படிச்சுக் காட்டக் கூடாதுங்கறதையும் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு பெரியப்பா கேட்டது ஒரே கேள்வி: "ஏம்மா, பூரா இங்கிலீஷா இருக்கே, தமிழ்ல கிடைக்காதா?"